ஓர்ஸ் ஹில்லில் ஒரு கப்பல் புளோவர்

கமலேஸ்வரி கணவனை இருபத்தொன்பது வருடம் பொறுத்தவள். மரத்தூளைப் பதினொரு நாள்தான் பொறுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, பாலையூற்று மணப்பெண் ஒருத்திக்குத் தைத்து முடித்த வெண்பட்டுப் பிளவுசை எடுத்து ஒரு உதறு உதறினாள். அதற்குள்ளிருந்து மஞ்சள் தூள் புகைபோல் எழும்பி, மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையில் பாதியும், எதிரே கதிரையில் இருந்த கனகசுந்தரத்தின் மீசையில் மீதியுமாக இறங்கியது.

“இது என்ன?” என்றாள்.

கனகசுந்தரம் மீசையில் ஒட்டியதை விரலால் எடுத்து மணந்து பார்த்து, “பலா,” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மரம் என்று வந்துவிட்டால் அவர் வாயில் உண்மைதான் முந்திக்கொண்டு வரும்.

“என்ன மரமெண்டு கேக்கேல்லை. என்ர துணிக்குள்ள ஏன் வந்ததெண்டு கேட்டனான்.”

கனகசுந்தரம் மீசையைத் துடைத்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் உத்தியோகத்தில் முப்பத்துமூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கூட ஓய்வு பெற்றவர்கள் கதிர்காமம் போனார்கள். அல்லது வீட்டிலிருந்து தங்கள் சீனி வருத்தத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். கனகசுந்தரமோ நடுவில் வட்டவாள் சுழலும் ஒரு வாள்மேசையும் ஒரு சீவுளி மெசினும் வாங்கி வீட்டின் பின்னறையில் இறக்கினார். குளிர் தேசத்துத் தாடிக்காரர்கள் மரப்பலகையைக் கன்றுக்குட்டி போலத் தடவிக்கொடுக்கும் வீடியோக்களை யூடியூப்பில் பார்த்துப் பார்த்து அவருக்கு அப்படியொரு மயக்கம். இதுவரை அந்த அறையிலிருந்து வெளிவந்தவை இரண்டு: மூடி பொருந்தாத ஒரு பெட்டி, சாவித் திறப்புகளை மாட்டிவைக்கும் பலகை ஒன்று. பலகை திறப்புகளோடு சேர்ந்து ஒரு நாள் விழுந்து, சோற்றுப் பானை உடைந்தது.

அந்தப் பின்னறையிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. வீடு கட்டிய காலத்தில் அது கமலேஸ்வரியின் தையல் அறை என்றுதான் பேச்சு. அவளுடைய மெசின் இன்றுவரை விறாந்தைக்கும் சாமித் தட்டுக்கும் நடுவே, ஹோலில், போகிறவர் வருகிறவர் காலில் இடிபட்டுக்கொண்டு கிடந்தது.

“அறையை விடுங்கோ,” என்றாள் கமலேஸ்வரி.

“ஏலாது.”

“அப்ப தூளை விடாதேங்கோ.”

“அதுக்கு ஒரு வழி செய்யிறன். ஒரு கிழமை தாரும்.”

கமலேஸ்வரி மத்திய வீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். முழம்போட்டு அளந்துதான் வாய் திறப்பாள். திறந்தபின் ஒரு அங்குலம் கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். அலுமாரியைத் திறந்து, புதுச் சுருளிலிருந்து ஒரு முழம் வெள்ளைத் துணியைக் கிழித்து மேசையில் வைத்தாள்.

“வாற வெள்ளிக்கிழமை காலமை பத்து மணி. நீங்கள் உள்ளுக்குள்ள வாளை ஓட்டிக்கொண்டிருக்க வேணும். நான் இந்தத் துணியால ஹோல் முழுக்கத் துடைப்பன். ஒரு பொட்டு மஞ்சள் பட்டால் அறை எனக்கு, உங்கட வாள் வெளி வளவுக்கு. படேல்லையெண்டால் அறை உங்களுக்கு. பிறகு தூள் வராதவரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன்.”

“சத்தியமா?”

“என்ர அப்பா அளந்து குடுத்த துணியைத் திருப்பி அளந்த ஆள் ஆரும் இருக்கோ?”

இல்லைதான். இருந்தவர்கள் அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை என்பது வேறு கதை.

கனகசுந்தரம் இரண்டு நாள் வீடியோ பார்த்தார். விஷயம் பிடிபட்டது. தூளைப் பிறந்த இடத்திலேயே பிடித்துவிட வேண்டும். நடக்கப் பழகிவிட்டால் பிறகு சொல்வழி கேட்காது. வாளுக்கு அடியில் ஒரு குழாய் வாய். அந்தக் குழாயின் மறுமுனையில் காற்றை இழுக்கும் புளோவர். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பீப்பாய். காற்று அதற்குள் சுழன்று சுழன்று வர, தூள் கீழே விழுந்துவிடும், காற்று மட்டும் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். அந்தப் பீப்பாய்க்குத் தாடிக்காரர்கள் வைத்திருந்த பெயர் சைக்குளோன்.

“வீட்டுக்குள்ள ஒரு சைக்குளோன் கட்டப்போறன்,” என்று மனைவியிடம் அறிவித்தார்.

“அறுபத்து நாலில வந்த புயல் காணாதெண்டோ? எங்கட அப்பான்ர கூரைத் தகரம் இன்னும் ஆரோ ஒருத்தன்ர வளவுக்குள்ள கிடக்குதாம்.”

புளோவருக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அடுத்த வீட்டு ஜெமீல், மலையிறக்கத்தில் உள்துறைமுகத்துக்குப் போகும் வழியில், உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் வளவு வைத்திருந்தான். உயிர்காக்கும் வளையத்தை உப்புவெளி ஹோட்டல்காரனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிச் சட்டம் என்று விற்றவன். நங்கூரச் சங்கிலியைக் கேட்டு வந்தவனுக்கு நங்கூரத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவான், படகு இல்லாதவனுக்கும்.

“வாங்க கனகண்ணே,” என்றான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பூசணிக்காய் அளவில் ஒரு சின்னப் புளோவரை எடுத்து முன்னால் வைத்தான். “மீன்பிடி றோலர் படகொண்டுட எஞ்சின் அறையில இருந்தது. வீட்டுக் கரண்டுக்கு ஓடும். ஒங்கட வேலைக்கு இது தாராளம்.”

கனகசுந்தரம் அதைப் பார்க்கவில்லை. மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஒன்றைப் பார்த்தார். “அதென்ன தம்பி?”

“அது ஒண்டுமில்லண்ணே.”

துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவருக்கு, தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் ‘ஒண்டுமில்லை’ என்ன பெறுமதி என்று தெரியும். கிட்டப்போய் ஒரு மூலையைத் தூக்கினார். உள்ளே, சினைப்பசு படுத்திருப்பதுபோல, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு புளோவர் இருந்தது. அதன் வாய்க்குள் ஒரு ஆள் தோள்வரை போகலாம்.

“கோதுமைக் கப்பலொண்டுட அடித்தட்டுக்குக் காத்தெடுக்கிறது,” என்றான் ஜெமீல், மனமில்லாதவன் போல. “மோட்டர் கொயில மாத்தி வீட்டுக் கரண்டுக்குக் கட்டி வச்சிரிக்கன். ஆனா அது ஒங்களுக்கு வேணாம். சீனன்குடாப் பக்கத்து ஆளொருவர் சொல்லி வச்சிரிக்காரு.”

“ஆர் அந்த ஆள்?”

“பேர் சொல்லேலாதண்ணே.”

பேர் சொல்லமுடியாத ஆளுக்குச் சொல்லிவைத்த சாமான். இதற்குமேல் ஒரு மனிதனின் வாயூற வேறென்ன வேண்டும்?

“சரி, சின்னதுக்கு என்ன கேக்கிறீர்?”

“ஒங்கட கிட்ட காசா கேக்கப் போறன்? கடைக்கு ஒரு அலுமாரி அடிச்சித் தாங்க. மூணு தட்டு.”

“மூண்டு தட்டுக்குப் பெரிசைத் தாரும்.”

ஜெமீல் சிரித்தான். பிறகு தேத்தண்ணி வந்தது. பிறகு கனகசுந்தரம் எழுந்து போனார். வாசல் படலையடி வரை போனதும் ஜெமீல் கூப்பிட, திரும்பி வந்தார். இரண்டாம் தேத்தண்ணி வந்தது. சின்னப் புளோவரின் குணநலன்களை ஜெமீல் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். அடக்கம், சத்தமில்லை, கரண்டு குறைவு. கனகசுந்தரம் மறுபடி எழுந்து போனார். இம்முறை படலையடியில் கூப்பிடவில்லை. வீதி திருப்பம் வரை கூப்பிடவில்லை. திருப்பத்தில் அவர் குனிந்து, கட்டுவதற்கு ஒன்றுமேயில்லாத ரப்பர் செருப்பைக் கட்டுவதுபோல் நீண்ட நேரம் நின்றார். அதன்பிறகுதான் குரல் வந்தது.

“நாலு தட்டு. கண்ணாடிக் கதவு. தூக்கிட்டுப் போங்க. சீனன்குடா ஆளுக்கு நான் என்ன பதில் சொல்றதெண்டு அல்லாஹ்தான் அறிவான்.”

அந்தப் புளோவர் ஏழு வருடமாக விலைபோகாமல் கிடந்தது என்பதும், ஜெமீலின் மனைவி நஜ்முன் நிஸா அதன் மேல்தான் பாய் காயப்போட்டு வந்தாள் என்பதும், அன்று மத்தியானம் அவன் வீட்டில் அந்தச் சந்தோஷத்தில் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தார்கள் என்பதும் பின்னால் தெரியவந்த விஷயங்கள். கனகசுந்தரமும் அன்று மத்தியானம் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார்.

“சின்னதின்ர விலைக்குப் பெரிசு,” என்றார் மனைவியிடம், கூடின ஒரு தட்டையும் கண்ணாடிக் கதவையும் கணக்கில் சேர்க்காமல். “ஜெமீலை மடக்கிப் போட்டன்.”

“பெரிசு என்னத்துக்கு?”

இந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. அதே விலைக்கு ஒரு அளவு பெரிதாகக் கிடைத்தால் என்னத்துக்கு என்று கேட்கிற கடைக்காரன் மகளை அவர் அன்றுதான் கண்டார்.

லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் நாலு பேர் பிடித்துக்கொள்ள, புளோவர் ஓர்ஸ் ஹில் ஏறி வந்தது. சீமெந்துத் திட்டுப் போட்டு அதில் பூட்டினார். சுவரைத் துளைத்து, வெளியேறும் குழாயைப் பின்வளவுப் பக்கம் விட்டார். நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைச் சைக்குளோன் ஆக்கினார். வாளுக்கு ஒரு குழாய், சீவுளிக்கு ஒரு குழாய், நடுவில் பாவிக்காததை மூடிவிட இழுவைத் தகடு. சொல்லத்தான் வேண்டும், வேலை சுத்தம். மூடி பொருந்தாத பெட்டி செய்த கையா என்று பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் பார்க்க அவர் யாரையும் விடவில்லை.

கடைசியாக ஒரு வேலை செய்தார். அதுதான் வினை. தூள் தப்பிவிடக் கூடாதே என்று பின்னறையின் இரண்டு யன்னலையும் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். வளவுக்குப் போகும் கதவையும் சாத்தி, அதன் கீழிடுக்கில் பழைய சாக்கு அடைத்தார். வீடியோத் தாடிக்காரன் இந்த இடத்தில்தான், வெளியே போகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும் என்று பத்து நிமிடம் பேசியிருந்தான். கனகசுந்தரம் அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடவிட்டார். கச்சானும் வாடையும் மாறிமாறி முகத்தில் அடிக்க வளர்ந்த திருகோணமலைக்காரனுக்குக் காற்றைப் பற்றி ஒருத்தன் வகுப்பு எடுப்பதா?

செவ்வாய்க்கிழமை காலை சுவிச்சைப் போட்டார். வீட்டு லைட்டெல்லாம் ஒரு கணம் மங்கின; குளிர்ப்பெட்டி நீளமாக மூச்சுவிட்டது. பிறகு, கப்பல் புறப்படுவதுபோல ஒரு ஊங்காரம்.

சோதனைக்கு ஒரு பத்திரிகைத் தாளைக் குழாய் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். மரண அறிவித்தல் பக்கம் முழுதாக உள்ளே போயிற்று. காதிலிருந்த பென்சில் போயிற்று. பலகை தேய்க்கும் மண்தாள் இரண்டு போயின. பரவசத்தில் இன்னும் கொஞ்சம் கிட்டக் குனிந்தார். சாரத்தின் முன்மடிப்பு போயிற்று. மீதிச் சாரமும் அதன் பின்னாலேயே போக ஆயத்தமானது. ஒரு கையால் மானத்தையும் மறுகையால் சுவிச்சையும் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லாதது அவர் குடும்பத்தின் புண்ணியம். அன்றிலிருந்து காற்சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்.

ஆனால் தூள்? தூள் என்ற பேச்சே இல்லை. பலாப் பலகை நாலை அறுத்து முடித்த பின்னும் நிலம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

ஹோலில்தான் புதினங்கள் நடந்தன. பின்னறைக்கும் ஹோலுக்கும் நடுவேயுள்ள கதவுக்கு மேலே, அந்தக் காலத்து வழக்கப்படி, காற்றோட்டத்துக்கு ஒரு மரக்கிராதி இருந்தது. பின்னறை முழுக்க அடைத்த கனகசுந்தரம் அதை மறந்துபோனார். புளோவருக்கு வேண்டிய காற்று எல்லாம் அந்த ஒரு வழியால்தான் போனது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் கமலேஸ்வரி அன்று மத்தியானம், “சாமி விளக்கு நூந்து போச்சு.”

“கச்சான் காத்து.”

“யன்னல் பூட்டியெல்லோ கிடக்கு?”

“கச்சான் எதுக்குள்ளாலும் வரும்.”

புதன்கிழமை விளக்கு மூன்று தரம் நூந்தது. அணையுமுன் சுடர் ஒவ்வொரு தரமும் பின்னறைக் கதவைப் பார்த்துத் தலை சாய்த்து வணக்கம் சொல்லிவிட்டு நூந்ததைக் கமலேஸ்வரி கவனித்துக்கொண்டாள். விளக்குக்கு ஒரு கண்ணாடிச் சிமிலி போட்டாள். வியாழக்கிழமை சாம்பிராணி காட்டினாள். புகை பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு அடி எழும்பி, வளைந்து, அம்மனைக் கடந்து, முருகனைக் கடந்து, ஒருவரையும் திரும்பிப் பாராமல் நேரே கிராதிக்குள் போயிற்று.

“நான் பிள்ளையாருக்குக் காட்டுற சாம்பிராணி உங்கட வாளுக்குப் போகுது.”

“ஆயுத பூசை எண்டு நினையும்.”

“ஆயுத பூசைக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கு.” அவள் ஹோல் கதவைக் காட்டினாள். “இந்தக் கதவை நீங்கள் உள்ளுக்குள்ள நிண்டு பிடிச்சுக்கொண்டோ நிக்கிறனீங்கள்? மெசின் ஓடேக்குள்ள எனக்குத் திறக்கேலாமல் கிடக்கு.”

கதவு ஹோல் பக்கமாகத் திறப்பது. உள்ளே இருந்து காற்று இழுக்கும்போது அது நிலையோடு ஒட்டிக்கொண்டது. கனகசுந்தரத்துக்கு விஷயம் அரைகுறையாக உறைத்தது. ஒரு யன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. ஆனால் யன்னலைத் திறந்து ஒரு பொட்டுத் தூள் வெளியே சுற்றி ஹோலுக்குள் வந்துவிட்டால்? இன்னும் ஒரு நாள். வெள்ளைத் துணியைக் கடந்துவிட்டால் பிறகு யன்னல், கதவு, கூரை எல்லாவற்றையும் திறக்கலாம்.

“மழைக்கு மரம் ஊதியிருக்கு,” என்றார்.

“மழை பெய்து ரெண்டு மாதம்,” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். பேச்சு தூளைப் பற்றித்தான். விளக்கைப் பற்றி அல்ல. கடைக்காரன் மகள் வேறு கணக்கை இந்தக் கணக்கோடு கலக்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமலேஸ்வரி குளித்து, கொண்டை முடிந்து, வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தாள். கனகசுந்தரம் பின்னறைக்குள் போய், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், காதுக்கு அடைப்பான் எல்லாம் மாட்டி, புளோவரைப் போட்டு, ஜெமீலின் அலுமாரிப் பலகையை வாளில் வைத்தார். மஞ்சள் தூள் பிறந்த கையோடு குழாய்க்குள் விழுந்தது. கதவின் கண்ணாடித் துண்டு ஒன்றின் வழியே அவரால் ஹோலைப் பார்க்க முடிந்தது.

அவள் முதலில் தையல் மெசினைத் துடைத்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை. சாமிப் படங்களின் மேல்விளிம்பு. வெள்ளை. டீவியின் பின்புறம், எந்தப் பெண்ணும் விருந்தாளியைப் பார்க்கவிடாத இடம். அதுவும் வெள்ளை. கதிரையில் ஏறி மின்விசிறித் தகட்டைத் துடைத்தாள். நாலு நாளாகக் காற்று இழுத்த இழுவையில், கூரையில் ஒட்டியிருந்த சிலந்திவலைகூடக் கிராதி வழியே போய்விட்டிருந்தது. அந்த வீடு குடிபுகுந்த நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை.

கனகசுந்தரம் மாஸ்குக்குள் சிரித்தார்.

அதே நேரம், வேலிக்கு அந்தப்பக்கம், நஜ்முன் நிஸா தன் குசினியில் பெரிய தாச்சிச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். வருடத்துக்கு வேண்டிய கறித்தூளுக்கு வறுக்க மூன்று கிலோ காய்ந்த செத்தல் மிளகாய். அவள் குசினி யன்னலும் கமலேஸ்வரியின் குசினி யன்னலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பவை. உப்பும் கதையும் கைமாறுகிற வழி. அன்று கச்சானும் அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. இந்தப் பக்கம் கோதுமைக் கப்பலின் அடித்தட்டைக் காலி செய்யும் புளோவர் இழுத்துக்கொண்டிருந்தது. மிளகாய்ப் புகைக்கு இதைவிட மரியாதையான அழைப்பு எங்கே கிடைக்கும்?

கண்ணாடித் துண்டின் வழியே கனகசுந்தரம் பார்த்தது இவ்வளவுதான்: கமலேஸ்வரி கதிரையில் நின்றபடி ஒரு தும்மல் தும்மினாள். பிறகு மூன்று. பிறகு கீழே இறங்கி, வெள்ளைத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு வந்து கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். வாய் அசைந்தது, காதடைப்பானுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்தார். பாவம் என்றுகூட இருந்தது. வெற்றியில் பெருந்தன்மை வேண்டும் என்று கையை உயர்த்தி, பரவாயில்லை என்பதுபோல் ஆட்டினார். அவள் இன்னும் பலமாக அடித்தாள். அவர் இன்னும் அன்பாக ஆட்டினார்.

அப்போது புகை கிராதியைத் தாண்டியது.

அந்த மாஸ்க் மரத்தூளுக்கானது. செத்தல் மிளகாய்க்கு அது ஒரு கதவில்லாத வாசல். முதல் மூச்சில் அவருக்குத் தொண்டை அடைத்தது. இரண்டாம் மூச்சில் கண்ணாடிக்குள் கண் இரண்டும் குளமாயின. வாளை நிறுத்தினார், அது கைக்குப் பக்கத்தில் இருந்தது. புளோவரின் சுவிச் எங்கே என்று தடவினார். சீவுளியின் சுவிச் கிடைத்தது. சீவுளி ஓடத் தொடங்கியது. ஹோல் கதவைத் தள்ளினார். அவர் தள்ள, அவள் இழுக்க, நடுவில் நின்ற காற்று இருவருக்கும் அசையவில்லை. வளவுக் கதவுக்கு ஓடினார். அவரே அடைத்த சாக்கு, அவரே ஒட்டிய டேப். கைவேலை சுத்தம் என்றேனே, அன்று அந்தச் சுத்தம்தான் அவரைக் கொல்லப் பார்த்தது.

பின்வளவுக் குழாயால் வெளியேறிய புகை சும்மா போகவில்லை. மலையிறக்கத்தில் இறங்கி ஜெமீலின் வளவுக்குப் போயிற்று. அங்கே சங்கிலி பார்க்க வந்திருந்தவன் இருமி இருமி, பேரத்தை நடுவில் விட்டுவிட்டு ஓடினான். பேரத்தை நடுவில் விட்டவனை வாழ்க்கையில் காணாத ஜெமீல், புகை வந்த வழியே மேலேறி ஓடிவந்து, கனகசுந்தரத்தின் விறாந்தையிலிருந்த மெயின் சுவிச்சை ஒரே இழுவையில் இறக்கினான்.

ஊங்காரம் நின்றது. இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருந்த கமலேஸ்வரியின் கையோடு கதவு திறந்து, தள்ளிக்கொண்டிருந்த கனகசுந்தரத்தையும் கூட்டிக்கொண்டு ஹோலுக்குள் வந்தது. இருவரும் தையல் மெசினடியில் போய் நின்றார்கள். ஜெமீல் வாசலில் குந்திவிட்டான். மூவர் கண்ணிலும் தாரை தாரையாக நீர்.

அந்த நேரம் பார்த்து நஜ்முன் நிஸா, வறுத்த மிளகாய் கொஞ்சம் அக்காவுக்கும் கொடுப்போம் என்று ஒரு கிண்ணத்தோடு படியேறினாள். உள்ளே மூன்று பேர் விம்மிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“யா அல்லாஹ், ஆரு மவுத்து?” என்று கேட்டாள். ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, கமலேஸ்வரியின் கழுத்தைக் கட்டிப்பிடித்து அவளும் அழத் தொடங்கினாள். நல்ல அழுகை. இருந்தவர்களில் மிளகாய் படாமல் அழுத ஒரே ஆள் அவள்தான்.

“ஆரும் சாகேல்லை நிஸா,” என்றாள் கமலேஸ்வரி கடைசியில். “உம்மட மிளகாய்.”

நிஸா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். “மிளகாயா? எனக்கு ஒண்டுமே தெரியலியே அக்கா. வாப்பாட ஊட்ல இருந்த காலத்திலேர்ந்து மிளகா வறுக்கன், இருமாம வறுத்தது இண்டைக்குத்தான். புகை முகத்துப் பக்கமே வரல்ல. என்ன ஒரு காத்துண்டு நினைச்சன்.”

கமலேஸ்வரி மூக்கைத் துடைத்தாள். பிறகு மிக மெதுவாகத் திரும்பி, திறந்திருந்த கதவால் உள்ளே தெரிந்த பச்சைப் புளோவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கனகசுந்தரம் அறிவார். மாமனார் கடையில், யாரோ தெரியாமல் குறைந்த விலைக்கு ஒரு சுருளைக் கொண்டுவந்தால் அந்தக் குடும்பமே இப்படித்தான் பார்க்கும்.

“துணியைக் காட்டும்,” என்றார் அவசரமாக. “முதல்ல துணி.”

அவள் துணியை விரித்தாள். கண்ணீர் இருந்தது, கண்மை இருந்தது. மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை.

“வெண்டிட்டீங்கள்,” என்றாள். “அறை உங்களுக்கு.”

ஜெமீல் வாசலிலிருந்து, “அப்ப அலுமாரி?” என்றான்.

“பொறும் தம்பி, கதை முடியேல்லை,” என்றாள் கமலேஸ்வரி. “நாங்கள் தூளைப் பற்றிக் கதைச்சனாங்கள். காத்தைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. காத்து ஆருக்குச் சொந்தம்?”

கனகசுந்தரம் வாயைத் திறந்தார்.

“என்ர ஹோல் காத்து. என்ர குசினி யன்னலால வந்த காத்து. நாலு நாளா ஒரு வார்த்தை கேளாமல் எடுத்திருக்கிறீங்கள். விளக்கு நூந்தது, சாம்பிராணி போனது, இண்டைக்கு என்ர சீவன் போகப் பாத்தது.”

“யன்னலைத் திறந்து விடுறன். இனி உம்மட காத்து எனக்கு வேண்டாம்.”

“திறக்கத்தான் வேணும். அதோட ஒரு குழாய் என்ர அடுப்புக்கு மேலயும் வரவேணும். சுவிச் குசினிச் சுவரில.”

“சுவிச் குசினியில எண்டால் நான் வேலை செய்யிறதெப்படி?”

“நான் பொரிக்கேக்குள்ள போடுவன். நீங்கள் அறுங்கோ. நான் நிப்பாட்டினால் நீங்களும் நிப்பாட்டுங்கோ. வேற நேரத்தில அறுத்தால் தூள் பறக்கும். தூள் பறந்தால் துணி இன்னும் என்னட்டத்தான் கிடக்கு.”

“இது அநியாயம். ரெண்டு சுவிச் வைக்கலாம்.”

“சின்னதின்ர விலைக்குப் பெரிசு எடுத்தனீங்கள் எல்லோ,” என்றாள். “கூடக் கிடைச்சது எனக்கு.”

கனகசுந்தரம் ஆதரவுக்கு ஜெமீலைப் பார்த்தார். ஜெமீல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாமானை விற்ற பிறகு அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது வியாபாரியின் வேலையல்ல. கனகசுந்தரம் வெளியே போனார். படலையடியில் நின்று பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. இந்தப் பேரத்தில் கூப்பிடமாட்டார்கள் என்று விளங்க, தானாகத் திரும்பி வந்து குழாயை அளந்தார்.

இப்போது ஓர்ஸ் ஹில் கீழ்ச்சரிவில் ஒரு வீட்டில் அப்பளம் பொரிந்தால் பலாப் பலகையும் அறுபடும். கத்தரிக்காய் பொரிக்க ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒரு நீள வெட்டு. வாழைக்காய் என்றால் இரண்டு. கறித்தூள் வறுக்கும் நாள் அவருக்குத் திருவிழா. அந்த வீதிப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மிளகாய், மல்லியைக் கமலேஸ்வரியின் குசினிக்குக் கொண்டுவர, ஒரு முழுக் காலை சீவுளி ஓடும். அலுமாரியின் இரண்டாம் தட்டு அப்படி ஏறியதுதான். மூன்றாம் தட்டுக்காக ஜெமீல் விடியவே மீன்கடைக்குப் போய், பாரைத் துண்டு வாங்கி, “அக்கா, பொரிச்சா நல்லாரிக்கும்” என்று யன்னலால் நீட்டுகிறான். ஒரு நாள் கமலேஸ்வரி அதைப் புளி விட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். அன்று இரண்டு ஆண்களும் வேலிக்கு இரு பக்கமும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் கனகசுந்தரம் பலகையை வாளில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குசினிப் பக்கம் காது கொடுத்தார். எண்ணெய்ச் சத்தமில்லை.

“இஞ்சேரும், இண்டைக்கு என்ன?”

“புட்டு.”

“அதோட?”

“வாழைப்பழம்.”

“ஒரு மிளகாயாவது பொரிக்கேல்லையோ?”

“வெள்ளிக்கிழமை. வயிறும் கொஞ்சம் ஆறட்டும்.” குசினிக்குள்ளிருந்து ஒரு முறித் தேங்காயும் துருவுபலகையும் வாசலுக்கு வந்தன. “சும்மா நிக்கிற நேரத்தில இதைத் துருவித் தாங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துருவுபலகையில் குந்தினார். இரண்டு இழுவை இழுத்திருக்கமாட்டார்.

“மெல்ல,” என்றாள் கமலேஸ்வரி. “நிலமெல்லாம் தேங்காய்ப்பூப் பறக்குது.”